கொடி ஆர்ச் பக்கத்துல வேலி பேனல்: ஆர்ச் பைப்புலயே மாட்டலாமா, தனி போஸ்ட் நடணுமா?

பீச்ரோடு_வாசி

வணக்கம் மக்களே. வீடு கடலூர்ல, சில்வர் பீச்சுக்கு போற ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு தெரு, ராத்திரி கரண்ட் போனா அலை சத்தம் கேக்கும் அவ்ளோ கிட்ட. ரெண்டு வருஷம் முன்னாடி வாசலுக்கு ஒரு ஆர்ச் பந்தல் செஞ்சு வச்சேன், ஒண்ணரை இஞ்ச் ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசின இரும்பு), 7 அடி ஒசரம், 4 அடி அகலம். அதுல ரங்கூன் மல்லி ஏத்தி விட்டதுல இப்ப பைப்பே தெரியல, சாயங்காலம் வெள்ளையா பூத்து மறுநாள் ரோஸாகி அப்புறம் செவப்பா மாறி நிக்குது, தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டு போறாங்க.

பிரச்சனை என்னன்னா ஆர்ச் மட்டும்தான் இருக்கு, ரெண்டு பக்கமும் வேலி கெடையாது. சுவரே இல்லாத கோட்டைக்கு வாசல் வச்ச மாதிரி இருக்குன்னு மாமனார் வர்றப்பல்லாம் கிண்டல் பண்றாரு. அத விடுங்க, ஆடு வந்து செம்பருத்தி, கருவேப்பில எல்லாத்தையும் மொட்ட அடிச்சிட்டு போவுது. அதனால 4 அடி ஒசர பேனல் வாங்கிட்டேன், டபிள்யூபிசி பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யறது), ஒவ்வொண்ணும் 6 இஞ்ச் அகலம் 6 அடி நீளம், ரெண்டு பக்கம் யூ சேனல், அதுல பலகைய ஒண்ணு மேல ஒண்ணா சொருவிட்டே வரணும், 8 பலகைக்கு ஒரு பேனல். ஆர்ச்சுக்கு இடது பக்கம் 18 அடி, வலது பக்கம் 12 அடி. 18க்கு மூணு, 12க்கு ரெண்டு, மொத்தம் 5 பேனல். போஸ்ட்டு 2 இஞ்ச் சதுர பைப்பு, 6 அடி நீளம், அதையும் சேத்துதான் குடுத்தாங்க.

கேள்வி ரெண்டுதான். போஸ்ட்ட எவ்ளோ ஆழம் நடணும், இங்க தோண்டுனா வெறும் மணல்தான் வருது. ரெண்டாவது, ஆர்ச்ச ஒட்டி வர்ற பேனல ஆர்ச் பைப்புலயே ஸ்க்ரூ போட்டு மாட்டிடுங்க, ரெண்டு போஸ்ட் மிச்சம்னு கடைக்காரர் சொல்றாரு. பாக்கறதுக்கும் ஒரே வரிசையா அழகா இருக்குமேன்னு எனக்கும் தோணுது. செஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

லாஸ்பேட்டை_மல்லி

ஐயோ தம்பி ஆர்ச்சுல மாட்டாதீங்க. நான் மாட்டி பட்டிருக்கேன்.

எங்க வீடு பாண்டில லாஸ்பேட்டை பக்கம். மரத்துல பெர்கோலா மாதிரி ஒண்ணு, அதுல மனோரஞ்சிதம், அத ஒட்டினாப்ல மறைப்புக்கு முழு ஷீட் அடிச்ச ஃப்ரேம ஸ்க்ரூ போட்டு பிணைச்சு வச்சிருந்தோம், ரெண்டும் ஒண்ணா கெட்டியா இருக்கும்னு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, கரைய கடந்தும் நகராம மணிக்கணக்கா நம்ம தலை மேலயே உக்காந்துட்டு இருந்துச்சு, மறுநாள் காலைக்குள்ள 46 செமீக்கு மேல மழைன்னு சொன்னாங்க, அந்த ராத்திரிதான். மண்ணு ஊறி கூழாயிடுச்சு, ஷீட்டு பாய்மரம் மாதிரி காத்த புடிச்சிகிச்சு. ஷீட் மட்டும் போயிருந்தா போவட்டும்னு விட்டிருப்பேன், அது பெர்கோலாவையும் இழுத்துகிட்டு போய் பக்கத்து வீட்டு ஸ்கூட்டி மேல படுத்துடுச்சு. ஸ்கூட்டிக்கு கண்ணாடியும் முன் மூஞ்சியும் மாத்தி குடுத்தோம், மனோரஞ்சிதம் வேரோட வந்துடுச்சு, அது 9 வருஷ செடி.

இன்னொன்னு, உங்க ரங்கூன் மல்லி எந்த காலுகிட்ட நட்டிருக்கு? தண்டுல இருந்து ஒண்ணரை அடிக்குள்ள குழி தோண்டாதீங்க. கலவை கலக்குன பாண்டு, மம்முட்டி கழுவுற தண்ணியையும் அந்த பக்கம் ஊத்தாதீங்க, சிமெண்ட் தண்ணி சுண்ணாம்பு மாதிரி, இலை மஞ்சளாயிடும்.

ரசமட்டம்

அக்கா சொன்னதுக்கு கணக்கு இருக்கு. நான் சைட் வேலைதான் பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

காத்தோட வேகத்த நொடிக்கு எத்தன மீட்டர்னு மாத்தி, அத அதாலயே பெருக்கி, 0.6ஆல பெருக்குனா ஒரு சதுர மீட்டர் மேல எத்தன நியூட்டன் அழுத்தம்னு வரும், கட்டட வேலைக்கான ஐஎஸ் 875 மூணாவது பாகத்துல இருக்கறது இதுதான். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுனப்ப 140 கிலோமீட்டர் வரைக்கும் காத்து. 140ன்னா நொடிக்கு 39 மீட்டர், கணக்கு போட்டா சதுர மீட்டருக்கு சுமார் 900 நியூட்டன், அதாவது 90 கிலோவுக்கு மேல. உங்க பேனல் 6க்கு 4 அடி, 2.2 சதுர மீட்டர். ஒரு பேனல் மேல 200 கிலோ. மூட்ட தூக்குற ஆளு மூணு நாலு பேரு ஒரே நேரத்துல தோள் குடுத்து தள்ளுற மாதிரின்னு வச்சுக்கோங்க. வேகம் பாதியானா தள்ளு கால்வாசியாயிடும், அதனாலதான் ஆடி காத்துக்கு அசையாம நின்ன வேலி கார்த்திகை புயலுக்கு படுக்குது.

இதுல பாதிய ஆர்ச்சோட ஒல்லி பைப்பு மேல ஏத்த சொல்றாரு கடைக்காரர். அது கொடி ஏற செஞ்சது, ஏற்கனவே தலை நெறைய கொடி சுமந்துட்டு நிக்குது, அதுவே ஒரு பாய்தான். வேலிக்கு தனி போஸ்ட், ஆர்ச்சுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு 3 இஞ்ச் இடைவெளி, கொடி ஒரு மழைக்கு அத மூடிடும், யாருக்கும் தெரியாது.

போஸ்ட் வாங்கிட்டீங்கன்னு சொல்றீங்க, சுவர் தடிமன் எவ்ளோன்னு பாருங்க. அந்த 200 கிலோ தள்ளு ரெண்டடி ஒசரத்துல விழுந்தா தரைமட்டத்துல பைப்பு மடங்க பாக்கும். 2 எம்எம் பைப்பு அந்த எல்லைல புடிச்சு நிக்கும், 1.2 எம்எம்னா மடங்கிடும். கடைல காட்டுறது பெரும்பாலும் 1.2தான், தூக்கி பாத்தாலே லேசா இருக்கும்.

ஆழம்: மேல 4 அடி போனா மிச்சம் 2 அடிதான் உள்ள போவும், கடக்கரை மணலுக்கு அது பத்தாது. 7 அடி பைப்பா மாத்துங்க, குழி ஒரு அடி அகலம், மூணேகால் அடி ஆழம், அடில கால் அடிக்கு ஜல்லி, அது மேல போஸ்ட்ட நிறுத்தி 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒண்ணு, மணல் ரெண்டு, ஜல்லி நாலு). ஒரு மூட்டை சிமெண்டுக்கு ரெண்டு குழி வரும். பீச் மணல அள்ளிட்டு வந்து கலக்காதீங்க ப்ளீஸ், உப்பு உள்ளயே உக்காந்து பைப்ப திங்கும், எம்சாண்ட் (கல்ல ஒடச்சு செய்யற மணல்) வாங்குங்க. மேல் பக்கம் கான்கிரீட்ட தரைக்கு ஒரு இஞ்ச் தூக்கி, நாலு பக்கமும் சரிவா தேச்சு விடுங்க, தண்ணி போஸ்ட் அடில நிக்கக்கூடாது. பைப்பு துரு புடிச்சு ஒடையறது மண்ணும் காத்தும் சேர்ற அந்த ரெண்டு இஞ்ச்லதான்.

சவுக்கு_தோப்பு

இவ்வளவு செலவு எதுக்குங்க தம்பி. நம்ப பக்கம் சவுக்குக்கு பஞ்சமா? பட்ட உரிச்சு அடிய தீயில கருக்கி தார் தடவி நட்டு, மூங்கில் தட்டி கட்டி, நடுவுல கிளுவ போத்து (வெட்டுன கெளை) சொருவி விட்டா நாலு வருஷத்துல சவுக்கு மக்கறதுக்குள்ள கிளுவ புடிச்சிக்கும். தானே அன்னைக்கு எங்க பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா சாஞ்சுது, எங்க கொல்லையில 40 வருஷ பலா ரெண்டு பொளந்துகிட்டு விழுந்துச்சு, கிளுவ வேலி அப்படியே நின்னுது. காத்து அதுக்குள்ள பூந்து போயிடும், அதான் விஷயம். நீங்க வாங்கினது பலகை, காத்துக்கு வழியே கெடையாது.

பீச்ரோடு_வாசி

ஐயா கிளுவை யோசனை நல்லாதான் இருக்கு, ஆனா பேனலுக்கு காசு குடுத்தாச்சே, கடைல திருப்பி எடுக்க மாட்டேன்றாங்க. ரசமட்டம் அண்ணா, பைப்ப வெர்னியர் வச்சு பாத்தேன், 1.2தான். நீங்க சொன்ன மாதிரியே. அத பக்கத்து பட்டறைல குடுத்துட்டு 2 எம்எம் 7 அடி வாங்குறேன். சவுக்கு ஐயா சொன்ன காத்து வழி பத்தி, பலகைக்கு நடுவுல அரை இஞ்ச் விட்டா போதுமா? மல்லி அக்கா, கொடி இடது காலுகிட்ட இருக்கு.

ரசமட்டம்

அரை இஞ்ச்ல ஒண்ணும் நடக்காது, மழைச்சாரல் உள்ள வரும் அவ்ளோதான். 2 இஞ்ச் விடுங்க. 8 பலகைக்கு பதிலா 6 போதும், அதே 4 அடி வந்துடும்: ஆறு பலகை 36 இஞ்ச், நடுவுல அஞ்சு இடைவெளி 10 இஞ்ச், தரைக்கு மேல ஒரு 2 இஞ்ச், மொத்தம் 48. கால்வாசி தொறந்து கெடக்கும். பேனலுக்கு ரெண்டு பலகை வேற மிச்சமாவும், அதுலயே துண்டு துண்டா அறுத்து சேனலுக்குள்ள பலகைக்கு நடுவுல முட்டு குடுத்துடலாம், தனியா வாங்க வேணாம்.

இப்ப உங்க அளவு. 18ஐ 6ஆல வகுத்து 3ன்னு போட்டீங்கல்ல, அங்கதான் எல்லாரும் விழறது. போஸ்ட்டோட 2 இஞ்ச் எங்க போச்சு? மூணு பேனலுக்கு நாலு போஸ்ட், அதுவே 8 இஞ்ச். கொடிக்கு ஒண்ணரை அடி விட்டா இடது பக்கம் உங்களுக்கு இருக்கறது பதினாறரை அடிதான். ரெண்டு முழு பேனல், மூணாவத 3 அடி 10 இஞ்ச்சா அறுக்கணும். வலது பக்கம் 3 இஞ்ச் விட்டு, ஒரு முழு பேனல், அடுத்தது 5 அடி 3 இஞ்ச். அறுத்த பேனல ஓரத்துல போடுங்க, ஆர்ச் பக்கம் முழுசு வரட்டும், பார்வைக்கு அதான் நல்லாருக்கும். குழிக்கு குழி நடு மையம் 6 அடி 2 இஞ்ச், 6 அடி இல்ல. நான் மொத மொத போட்ட வேலில 6 அடின்னு தோண்டி அத்தன குழியையும் மறுபடி தோண்டினேன், கூட வந்த ஆளு ஒரு வாரம் பேசல.

கொடிகிட்ட விட்ட அந்த ஒண்ணரை அடி சந்துக்கு மூங்கில் தட்டி ஒண்ண கம்பியால லேசா கட்டி விடுங்க. புயல்ல பிச்சிகிட்டு போனா போவட்டும்.

பட்டறை_பையன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். நெல்லிக்குப்பத்துல வெல்டிங் வேலை பண்றேன். அண்ணன் சொன்னதெல்லாம் சரி, துரு பத்தி மட்டும் ரெண்டு வார்த்த.

போஸ்ட்டுல கிளாம்பு வெல்ட் வச்சா அந்த எடத்துல பைப்பு மேல பூசின ஜிங்க் (துத்தநாகம்) எரிஞ்சு போயிடும், வெள்ளையா பொக கெளம்பும் பாருங்க அதான் அது. வைக்கறதுக்கு முன்னாடி கிரைண்டர் போட்டு ஜிங்க தேச்சு எடுத்துடணும், இல்லன்னா வெல்டும் பொத்தல் பொத்தலா வரும், பொகைய குடிச்சவனுக்கு ராத்திரி குளிர் காச்சல் வரும், எனக்கே வந்திருக்கு. வெல்டு ஆறினதும் ஜிங்க் ரிச் பிரைமர் ரெண்டு கோட்டு. வெறும் சில்வர் பெயிண்ட் அடிச்சிட்டு முடிஞ்சுதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, கடக்கரைல அது ஒரு மழைக்காலம் தாங்காது. என்ன கேட்டா வெல்டே வேணாம், கிளாம்பு போல்ட்டு போதும், நாளைக்கு ஒரு பேனல கழட்டணும்னா சுலபம்.

டப்பால வந்த ஸ்க்ரூவ தூக்கி போடுங்க, அது சாதா முலாம்தான். 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க, கடல் கிட்டன்னா 316 இன்னும் நல்லது. போஸ்ட் மேல்வாய்க்கு மூடி கண்டிப்பா போடுங்க, இல்லன்னா மழத்தண்ணி உள்ள எறங்கி உள்ளேர்ந்து அரிக்கும், குளவியும் கூடு கட்டும். குளவி கட்டின பைப்ப நான் ஒருதடவ தட்டிட்டேன், அத இங்க எழுத வேணாம்.

லாஸ்பேட்டை_மல்லி

பலகைய அறுக்கறப்ப ஒண்ண மறந்துடாதீங்க, டபிள்யூபிசி வெயில்ல நீளும். சேனலுக்குள்ள ரெண்டு முனையிலயும் 5 எம்எம் சும்மா விடணும். எங்க தெருவுல ஒருத்தர் இறுக்கமா சொருவி வச்சாரு, சித்திரைல பலகையெல்லாம் வில்லு மாதிரி வளஞ்சு வெளிய தள்ளிகிட்டு நின்னுது. மார்கழி காலைல அறுத்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அப்ப அது சுருங்கி இருக்கும்.

அப்புறம் 2 இஞ்ச் சந்து விட்டு குறுக்கால பலகைன்னா ஆட்டுக்குட்டிக்கு அது ஏணி. சும்மா சொல்லி வைக்கறேன்.

பீச்ரோடு_வாசி

அப்டேட் போடறேன்னு சொல்லி மூணு வாரமாச்சு, மன்னிச்சுக்கோங்க, வேல முடிஞ்சுது.

மொத நாள் குழி தோண்டறதுலயே போச்சு. மணலு சரிஞ்சுகிட்டே இருக்கு, ஒரு அடி தோண்டுனா முக்கா அடி உள்ள வருது. அப்புறம் கொத்தனாரு ஒரு வழி பண்ணாரு, 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவோட அடிய வெட்டி எடுத்துட்டு, அத குழிக்குள்ள அமுக்கி அமுக்கி உள்ள இருக்க மணல கையால வாரி வெளிய போட்டாரு, டப்பா எறங்க எறங்க மேல இன்னொரு டப்பா. முந்தின நாள் ராத்திரியே அந்த எடத்துல தண்ணி ஊத்தி விட்டிருந்தா இன்னும் நல்லா நின்னிருக்கும்னாரு, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம். நாலாவது குழில கடப்பாறைய எறக்கினதும் டொக்குனு ஒரு சத்தம், கல்லுன்னு நெனச்சு இன்னொரு போடு போட்டேன், மோட்டார்ல இருந்து டேங்குக்கு போற பைப்பு. குழி கிணறாயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வீட்ல தண்ணி இல்ல, வீட்டுக்காரம்மா என்கூட பேசுன ஒரே வார்த்த "ஆடே பரவால்ல".

கடைசி ரெண்டு போஸ்ட்ட மொதல்ல நிறுத்தி, மேலயும் கீழயும் நூல் கட்டி, நடு போஸ்ட்ட நூலுக்கு ஒரு நூல் அளவு தள்ளி வச்சோம், நூல தொட்டா வளஞ்சுடும்ல. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் சவுக்கு கொம்பு முட்டு குடுத்து ரசமட்டம் வச்சு பாத்து பாத்து கலவை போட்டது. ஏழு குழிக்கு மூணரை மூட்டை ஆச்சு, அண்ணா சொன்ன கணக்கு அப்படியே. ஈர சாக்கு சுத்தி ஒரு வாரம் விட்டுட்டுதான் பேனல் கிட்டயே போனேன்.

பேனல் மாட்டறது ரெண்டு பேரு இருந்தா அர நாள் வேலதான். சேனல போஸ்ட்டுல போல்ட் பண்ணிட்டு, அடில ஒரு முட்டு துண்டு, பலகை, ரெண்டு பக்கமும் துண்டு, பலகைன்னு மேலேர்ந்து எறக்கிட்டே வந்தேன். இடது பக்கம் தெருவ நோக்கி தரை சரியுது, அது கண்ணுக்கு தெரியல, டியூப் லெவல் புடிச்சப்ப 18 அடில 4 இஞ்ச் எறக்கம். பேனல சாய்க்காம ஒவ்வொண்ணையும் படி மாதிரி எறக்கி வச்சோம், அடில உண்டான சந்துக்கு செங்கல் ஒரு வரிசை. சாய்ச்சு வச்சிருந்தா ஆர்ச் நேரா நிக்க வேலி மட்டும் குடிச்ச ஆளு மாதிரி தெரிஞ்சிருக்கும். கொடிகிட்ட மூங்கில் தட்டி கட்டிட்டேன், ரங்கூன் மல்லி அதுக்குள்ளயே ஒரு கைய நீட்டி தட்டிய புடிச்சிடுச்சு.

மாமனார் வந்தாரு, சுத்தி பாத்தாரு, ம்ம்னாரு. அவரு ம்ம்னா நூத்துக்கு நூறு.

எல்லாம் முடிச்சு சாயங்காலம் திண்ணைல டீ கிளாஸோட உக்காந்திருக்கேன், அதே ஆடு வந்துச்சு. வேலிய ஒட்டியே இந்த முனைலேர்ந்து நடந்து வந்து, ரெண்டு பேனல மோந்து பாத்துட்டு, ஆர்ச் வழியா நேரா உள்ள வந்து செம்பருத்திகிட்ட நின்னுடுச்சு. கேட்டு போடணும்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. 4 அடிக்கு ஒத்த கதவு, சும்மா லேசானதுதான், கீல ஆர்ச் பைப்புல வெல்டு வச்சுக்கலாமா?

ரசமட்டம்

தம்பி.

லாஸ்பேட்டை_மல்லி

ஆர்ச்சுல வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!! வலது பக்கம் 3 இஞ்ச் தள்ளி ஒரு போஸ்ட் நட்டீங்கல்ல, கீல அதுல போடுங்க. தாப்பா மட்டும் அந்த பக்கம் ஆர்ச் கால்ல மாட்டிக்கோங்க, ஆடு முட்டுறதுக்கு அது தாங்கும், புயல் வருதுன்னா முந்தின நாளே கேட்ட தூக்கி உள்ள வச்சிடுங்க.

பட்டறை_பையன்

தூக்கி எடுக்கற மாதிரி குண்டு கீலு போட்டு தர்றேன்ணா, ஊசிய மேல பாத்த மாதிரி ரெண்டும் வச்சா ஒரே ஆளு தூக்கிடலாம். அளவ எடுக்கறப்ப செங்கல் வரிசைக்கு மேலேர்ந்து எடுங்க, மண்ணுலேர்ந்து எடுத்துடாதீங்க.